அடியெடுத்துக் கொடுத்தவள்

மழை மூன்றே காலுக்கு விட்டது.

தேனுஜா புல்வெளியின் நடுவில் வெறுங்காலோடு நின்றாள். விரல்களுக்கிடையில் தண்ணீர் ஊறியது. கல்லறை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. புல், சில மரங்கள், தூரத்தில் உச்சியில் நட்சத்திரம் வைத்த ஒரு கல்தூண். இரண்டாம் உலகப் போரின்போது கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு, டோர்ட்மண்டின் சுரங்கங்களில் வேலை செய்து செத்துப்போன சோவியத் படையினர் அந்தப் புல்லுக்குக் கீழே கிடந்தார்கள்.

அவளுக்கு அங்கே உறவு யாரும் இல்லை. வேலையாக வந்திருந்தாள். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். அவளிடம் வருகிற ரெம்பெல் என்ற முதியவர், ஜூன் இருபத்திரண்டாம் திகதி நினைவுக் கூட்டத்தில், இந்தத் தூணுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடப்போகிறார். நாற்காலி புல்லில் புதையுமா, குரல் மரங்களுக்குள் தொலைந்துபோகுமா என்று பார்க்க வந்தாள்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றியது யோசித்துச் செய்ததல்ல. வருடாவருடம் நவம்பரில், ஈழப்போரில் இறந்தவர்களின் படங்கள் வைத்த மண்டபத்துக்கு அப்பாவோடு போய்ப் பழகிய கால்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் சப்பாத்து இல்லை.

தூணடியில் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சிவப்புக் கார்னேஷன் பூக்கள். ஒருவன் முழங்காலில் இருந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த கைபேசி அடித்தது.

"அம்மா, வேலையில நிக்கிறன்... ஓம், சாப்பிட்டன்... ஓம் அம்மா, மீன்தான்... பிறகு எடுக்கிறன்."

தேனுஜா அவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அண்ணை."

அவன் திரும்பினான்.

"அது என்ர சப்பாத்து."

அவன் சப்பாத்தைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான். மறுபடி சப்பாத்தைப் பார்த்தான்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம். சப்பாத்து ஜெர்மன்."

அவன் காது சிவந்தது. "இல்லை... ஆரோ நினைவுக்கு வைச்சிட்டுப் போட்டினம் எண்டு நினைச்சன். கைதியள் சப்பாத்தில்லாமல் நடந்து வந்தவை. முந்தி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையள் இப்பிடிக் கொண்டுவந்து வைச்சவை."

"அதுக்காக வாசலில கிடக்கிறதை எல்லாம் தூக்கிறதோ?"

"மழைக்க அநாதையாக் கிடந்தது."

"பூ?"

"அது நானில்லை. ஒரு ரஷ்ய அம்மா. வைச்சு, கும்பிட்டு, அழுதிட்டுப் போறா."

தேனுஜா உதட்டைக் கடித்தாள். செத்தவர்கள் கிடக்கிற இடம், சிரிக்கக் கூடாது... சிரித்துவிட்டாள்.

"படத்தை ஆருக்கும் அனுப்பேல்லைத்தானே?"

"இந்த இடத்தைப் பாக்கிற சங்கத்தின்ர தலைவருக்கு அனுப்பிப்போட்டன். மனதைத் தொட்டுதாம்."

அவள் குனிந்து சப்பாத்தை எடுக்கப்போனாள். அவன் தடுத்தான்.

"பொறுங்கோ. நாலு பூ இருக்குது. ரஷ்யாக்காரருக்கு இரட்டை எண்டால் செத்த ஆக்களுக்கு. உயிரோட இருக்கிற ஆக்களுக்கு ஒற்றைதான் குடுப்பினம்."

ஒரு பூவை எடுத்துத் தூணடியில் ஏற்கெனவே கிடந்த ஒற்றைப் பூவோடு வைத்தான். மீதியை அவளிடம் நீட்டினான்.

"இப்ப மூண்டு. இனி நீங்கள் போடலாம்."

அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. விழாமல், நகராமல் நின்றது. அதை ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று தேனுஜா நினைத்தாள். பூவை வாங்கிக்கொண்டாள்.

அவன் பெயர் பென்ஜமின். நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவன். கலியாணம், கச்சேரி, கேவலார் மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் காசு வாங்குவான். இந்த இடத்தைப் பராமரிக்கிற சங்கத்துக்கு மட்டும் சும்மா செய்து கொடுக்கிறான்.

"வேதக்காரரோ? அதுதான் சப்பாத்தோட உள்ள வந்தனீங்கள்."

"மன்னாரில கோயிலுக்க நாங்களும் கழட்டுவம். இங்க வந்து குளிரில விட்டுப்போச்சு."

"அப்ப, அண்ணை, இருபத்திரண்டாம் திகதிக்கு..."

"அண்ணை எண்டு சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"காரணம் இருக்குது. இப்ப சொல்ல ஏலாது."

சொல்லிவிட்டு அவன் ஒலிபெருக்கிக்கு இடம் அளக்கப் போய்விட்டான். தேனுஜா ஈரச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தாள். குளிர்ந்தது. முகம் மட்டும் சுட்டது.

*

ரெம்பெல் கஜகஸ்தானில் ரஷ்ய மொழியோடு வளர்ந்து, பிறகு ஜெர்மனிக்கு வந்த ஜெர்மன் வம்சத்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் மனைவி லிடியாவின் பெயரைச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பாட முடிந்தது. பேச்சு போன சிலருக்குப் பாட்டு மிஞ்சும். தலைக்குள் இரண்டுக்கும் வேறு வேறு அறை.

அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு. ஒரே குழிக்குள் புதைக்கப்பட்ட படையினரைப் பற்றி, கிற்றாரும் கரகரத்த குரலுமாக ஒரு ரஷ்யக் கவிஞன் எழுதிப் பாடியது. ரெம்பெல் வீட்டில் அவனுக்குப் பெயர் கிடையாது. 'அவன்' என்றால் அவன்தான்.

"அங்கே சோவியத் நாட்டில் போர் நினைவிடங்களில் அந்தப் பாட்டைப் போடாத வருடம் இல்லை" என்றாள் லிடியா, முதல் ஒத்திகையன்று, ஜெர்மனில். "கேட்டுவிட்டுப் பழைய படையினர் அவனுக்குக் கடிதம் எழுதுவார்களாம். நீ எந்தப் படைப்பிரிவு, எந்த முனையில் நின்றாய், என்னோடு நின்றவன் நீதானா என்று."

"எந்தப் பிரிவு?" என்று கேட்டான் பென்ஜமின். ஒலிவாங்கியைச் சரிபார்க்க வந்திருந்தான்.

"ஒன்றுமில்லை. போர் நடந்தபோது அவன் சின்னப் பிள்ளை."

ரெம்பெல் சிரித்தார். பிறகு பாடினார். முதல் இரண்டு பத்திகளும் தடையில்லாமல் வந்தன. மூன்றாவதில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நின்றுபோனார். வாய் திறந்திருந்தது. கண் தேனுஜாவைத் தேடியது. அவள் அடியெடுத்துக் கொடுத்தாள். முதல் சொல்லை அவள் பாட, மீதி வரியை அவர் பிடித்துக்கொண்டு போனார். அவளுக்கு ரஷ்ய மொழி தெரியாது. சத்தமாகவே பாடமாக்கியிருந்தாள்.

"நீங்களும் பக்கத்தில இருந்து பாடவேணும் போல" என்றான் பென்ஜமின்.

"எனக்கு மைக் வேண்டாம். அவருக்குக் கேட்டால் காணும்."

"சரி. சத்த அளவை மட்டும் ஒருக்காப் பாப்பம்." ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டான். கூந்தலில் அவன் விரல் பட்டதா, படவில்லையா... தெரியவில்லை. உள்ளே ஏதோ காற்று வீசியது.

"இது என்ன சத்தம்?"

"உங்கட மூச்சு."

"இவ்வளவு பலமாவோ?"

"பயந்தால் அப்பிடித்தான் கேக்கும்."

"ஆர் பயந்தது?"

"மெசின் பொய் சொல்லாது."

அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். லிடியா கணவனைப் பார்த்தாள். ரெம்பெலுக்குச் சொல் ஒன்றும் வரவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அதன்பிறகு ஒலிவாங்கி அடிக்கடி பழுதானது. ஒரே கம்பியைப் பார்க்க மூன்று தடவை வந்தான். ஒருநாள் வேலை முடிந்து இருவரும் அந்தப் புல்வெளிக்குப் போனார்கள். தூறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு இங்க ஆர் இருக்கினம்? ஏன் வாறனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. அதாலதான் வாறன்." அவன் புல்லைப் பார்த்தபடி சொன்னான். "எங்கட ஆக்கள் எண்டால், முன்னால நிக்கேக்க எப்பிடி அழவேணும், என்ன சொல்லவேணும் எண்டு ஆரோ பக்கத்தில நிண்டு சொல்லித்தருவினம். இங்க சும்மா நிக்கலாம்."

குடை அவளுடையது. அவன் பாதி வெளியே நனைந்தான். கொஞ்சம் கிட்ட வரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குடையை மட்டும் அவன் பக்கம் சரித்தாள்.

*

ஜூன் பதினான்காம் திகதி பலத்த மழை. ஒலிப்பெட்டிகள் ஏற்றும் தன் வான் வண்டியில் அவளை வீட்டில் இறக்க வந்தான். வாசலில் ஒருவர் குடையோடு காத்து நின்றார்.

"இதார்?"

"அப்பா. மழைத்துளி என்ர தலையில பட்டால் அவருக்குக் காய்ச்சல் வரும்."

பென்ஜமின் சிரிக்கவில்லை. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"கனகலிங்கத்தார் மகளோ நீங்கள்?"

"ஓம். தெரியுமோ?"

"என்ர அப்பா அம்புறோஸ்."

அந்தப் பெயரைக் கேட்டதும் தேனுஜாவுக்குப் பதினான்கு வயது திரும்பியது. நவம்பர் மண்டபம். பூத்தட்டோடு அவள் நின்ற வரிசை. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழும்பி நின்றார். 'என்ர மகனின்ர படத்தை இறக்குங்கோ' என்றார். 'அவன் தானாப் போகேல்லை. ரியூசனால வரேக்க பிடிச்சுக்கொண்டு போனது இயக்கம். பதினேழு வயது. மாவீரன் எண்டு சொல்லாதேங்கோ. அவனைத் தாங்கோ.' மேடையில் நின்ற அப்பா சொன்னார்: 'அவர் இப்ப எல்லாருக்கும் சொந்தம்.' இரண்டு பேர் வந்து அந்த மனிதரை மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று அவள் பூ வைத்த படங்களில் அதுவும் ஒன்று. பிறகு ஒவ்வொரு வருடமும் வைத்தாள்.

"அது... உங்கட அண்ணாவோ?"

"ஜெரோம். அவனைப் பிடிக்கேக்க எனக்குப் பன்னிரண்டு வயது." அவன் வானின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "முள்ளிவாய்க்காலுக்கு ஓடேக்க எல்லாத்தையும் விட்டுட்டம். அம்மாட்ட அவன்ர ஒரு படமும் இல்லை. இருக்கிற ஒண்டு உங்கட வீட்டுக்குக் கீழ கெல்லருக்க இருக்குது. அப்பா போன வருசம் செத்துப்போனார். சாகிற வரைக்கும் அதைத்தான் கேட்டவர்."

"நான் அப்ப சின்னப் பிள்ளை. எனக்கென்ன தெரியும்?"

"இப்ப?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் அங்க இருக்கேல்லை, உண்மைதான். இங்கதான் பிறந்தனான். அதுக்காக நான் பூ வைச்சது பொய்யோ? அந்தப் பாட்டுக்காரனும் போருக்குப் போகேல்லைத்தானே?"

"போகேல்லை." இப்போதுதான் அவளைப் பார்த்தான். "ஆனா அவன் ஒருத்தற்ர படத்தையும் வைச்சுக்கொண்டு, தரமாட்டன் எண்டு நிக்கேல்லை."

மழை கூரையில் இரைந்தது. அவள் இறங்கினாள்.

"இருபத்திரண்டாம் திகதி ஒலி ஒழுங்கா இருக்கும்" என்றான். "அது என்ர வேலை."

அப்பா குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். "ஆர் பிள்ளை அது?"

அவள் உள்ளே போனாள்.

*

அந்தக் கிழமை அவன் வரவில்லை. அழைக்கவும் இல்லை. ஒலிவாங்கி பழுதாகவில்லை. ரெம்பெல் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் அடியெடுத்துக் கொடுக்கவேண்டிய இடத்தில் இரண்டு தடவை பிந்தினாள்.

அப்பாவிடம் சமையலறையில் வைத்துக் கேட்டாள். கனகலிங்கம் தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இறந்தவர்களின் படங்களைப் பழைய படுக்கைவிரிப்புகளில் சுற்றி, கெல்லர் என்கிற நிலவறையில் வைத்திருக்கிறார். ஈரம் படாமல் குளிர்காலம் முழுக்க அங்கே ஒரு கருவி ஓடும்.

"அந்தப் படத்தைக் குடுத்துவிடுங்கோ அப்பா."

"ஒண்டைக் குடுத்தால் நாளைக்கு இன்னொருத்தர் வருவார்."

"வரட்டும்."

"விளங்காமல் கதைக்காதை. அங்க மாவீரர் துயிலும் இல்லங்களை ஆமிக்காரர் உழுது போட்டாங்கள். ஒரு கல்லுக்கூட இல்லை. என்ர கெல்லருக்க இருக்கிறதுதான் கல்லு. விளங்குதோ? அதுகளை நான் இல்லாமல் ஆர் பாக்கிறது?"

அப்பா பொய் சொல்லவில்லை.

"அந்தத் தாயிட்ட மகன்ர படம் ஒண்டும் இல்லை அப்பா. ஒண்டுகூட இல்லை."

அப்பாவின் கை தேநீர்க் கோப்பையில் நின்றது.

"அம்புறோஸ் அதைச் சொல்லேல்லை."

"கேட்டனீங்களோ?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "இப்ப ஏன் உனக்கு இது?" என்றார்.

"எனக்கு அவற்ர மற்ற மகனை விருப்பம்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. அப்பா எழும்பிப் போய்விட்டார். நாலு நாள் இருவரும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டார்கள்.

இருபத்திரண்டாம் திகதி காலை அவள் கெல்லருக்கு இறங்கினாள். விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். ஒளிக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் கொண்டு போறன். மறிக்கிறதெண்டால் இப்ப மறியுங்கோ."

கனகலிங்கம் எழும்பினார். படத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். அவர் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு மூலையை மறுபடி துடைத்தார். பிறகு அவளிடமே கொடுத்தார்.

"வெயிலில பிடியாதை. மங்கிப்போகும்."

*

வெயில் இருந்தது. எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். லிடியாவின் மடியில் விரிப்பில் சுற்றிய படம்.

பென்ஜமின் தேனுஜாவிடம் வந்து, சட்டைக் கழுத்தில் சின்ன ஒலிவாங்கியைக் குத்தினான். அவன் விரல்கள் நிதானமாக வேலை செய்தன. முகத்தை நிமிர்த்தவில்லை.

"எனக்கு மைக் வேண்டாம் எண்டனான்."

"நிப்பாட்டித்தான் வைச்சிருப்பன். தேவைப்பட்டால் மட்டும்."

"கோவமோ?"

"வேலை நேரம்."

போய்விட்டான்.

ரெம்பெல் பாடத் தொடங்கினார். அவருடைய கரகரத்த குரல் புல்லுக்கு மேல் போனது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பத்திகள் தாண்டின. மூன்றாவது வந்தது. அவர் நின்றார். தேனுஜா முதல் சொல்லைக் கொடுத்தாள். அவர் வாய் அசைந்தது... சத்தம் வரவில்லை. மறுபடி கொடுத்தாள். ரெம்பெலின் கண் நிறைந்தது.

அவள் அவர் கையைப் பிடித்தாள். சொல்லோடு நிற்காமல் வரியையும் பாடினாள். அர்த்தம் தெரியாத மொழியில், யாரென்று தெரியாத செத்தவர்களுக்கு முன்னால், தனியே. அடுத்த வரியையும் பாடினாள். திடீரென்று தன் குரல் மரங்களிலிருந்து தனக்கே திரும்பி வந்ததைக் கேட்டாள். தூரத்தில் கருவி மேசைக்குப் பின்னால் பென்ஜமினின் கை ஒரு பொத்தானை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரியில் ரெம்பெல் சேர்ந்துகொண்டார். கடைசி வரை இருவரும் போனார்கள்.

முடிந்ததும் ஒரு ரஷ்யப் பெண் வந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டு ஏதோ கேட்டாள். லிடியா மொழிபெயர்த்தாள்: "உன் குடும்பத்தில் யார் இங்கே கிடக்கிறார்கள் என்று கேட்கிறாள்."

"ஒருவரும் இல்லை" என்றாள் தேனுஜா.

அந்தப் பெண் நம்பவில்லை. கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

பென்ஜமின் வானுக்குள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தேனுஜா படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் விரிப்பைப் பிரித்தான். சீருடைக்குள் ஒரு பொடியன். கழுத்துப் பட்டி அவனுக்குப் பெரிது.

நெடுநேரம் பார்த்தான்.

"காது அம்மாட காது" என்றான். "மறந்துபோனன்... உங்கட அப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவர்தான் துடைச்சுத் தந்தவர்."

அவன் வானின் படியில் உட்கார்ந்தான். முதுகு குலுங்கியது. எப்படி அழவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்கள் எல்லாரும் போன பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்டைக்கு நான் கதைச்சது கூடிப்போச்சு."

"ஓம். கூடிப்போச்சு."

"எனக்கு உங்களை விருப்பம், தேனுஜா. வாசலில சப்பாத்தைத் தூக்கினதில இருந்து... இல்லை, நீங்கள் சண்டைக்கு வந்ததில இருந்து."

"எனக்கும். அப்பாட்ட சொல்லிப்போட்டன்."

"எனக்குச் சொல்ல முதலோ?"

"நீங்கள்தான் போனே எடுக்கேல்லையே."

அவன் சிரித்தான். கண் இன்னும் ஈரமாகவே இருந்தது. வானைக் கிளப்பினான். அவன் வீடு வரை இருவரும் அதிகம் பேசவில்லை. படம் அவள் மடியில் இருந்தது. வெயில் படாமல் விரிப்பால் மூடிப் பிடித்திருந்தாள்.

"அம்மா படத்தில உடுப்பைப் பாப்பாவோ, முகத்தைப் பாப்பாவோ தெரியேல்லை" என்றான் படியேறும்போது.

"ரெண்டையும் பாப்பா. பாக்கட்டும்."

இரண்டாம் மாடி. கதவில் 'இமெல்டா அம்புறோஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஏதோ பொரிகிற சத்தம், வானொலி. பென்ஜமின் மணியில் விரலை வைத்தான். தேனுஜா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்க முதல் ஒண்டு சொல்லுங்கோ... அம்மா கதவைத் திறந்து, நான் ஆற்ர பிள்ளை எண்டு கேட்டால், என்ன சொல்லப்போறியள்?"